இரைச்சலைக் கேட்டு நட்சத்திரத்தை அளந்தவர்: அருவங்காட்டில் பிறந்த ஹான்பரி பிரவுன் யார்?

போடிமெட்டு ரோட்டில் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கேரள எல்லையைத் தொடும் அந்தப் பாதையில், ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளிச்சம் முன்னால் போகாமல் வெள்ளைச் சுவர் மாதிரி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப், மிகப் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

மூடுபனியின் நீர்த்துளிகள், ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடுகின்றன. புது கார்களின் முன் பம்பரில் இருக்கும் ரேடாரின் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். அந்த அலைக்கு இந்தத் துளிகள் ஒரு பொருட்டே இல்லை. பனிக்குள் புகுந்து, எதிரே நிற்கும் லாரியில் பட்டுத் திரும்பி வந்துவிடும்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ரோட்டில் போகும் எல்லா காரிலும் ஒரே மாதிரி ரேடார் இருந்தால் என்ன ஆகும்? எதிரே வரும் காரின் ரேடார் அனுப்பிய அலையை, நம் ரேடார் தன்னுடைய எதிரொலி என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதற்கு முன்வைக்கப்படும் தீர்வுகளில் ஒன்று, கேட்கவே விசித்திரமானது. ஒழுங்கான சிக்னலை அனுப்பாதே, வெறும் இரைச்சலை அனுப்பு என்கிறது அது. இதற்கு நாய்ஸ் ரேடார் என்று பெயர். ராணுவங்களுக்கு இதில் வேறு காரணத்துக்காகப் பல பத்தாண்டுகளாக ஆர்வம் உண்டு.

இரைச்சலை வைத்து எதையாவது அளக்க முடியுமா? முடியும் என்று 70 வருடங்களுக்கு முன்பு உலகின் பெரிய இயற்பியலாளர்கள் சிலரோடு மல்லுக்கு நின்று நிரூபித்த ஒருவர், இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், போடிமெட்டுக்கு வடக்கே நீலகிரியில் பிறந்தவர். பெயர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். உலக வானியலில் அவர் பெயரில் ஒரு விளைவே இருக்கிறது. ஊட்டி மலை ரயிலில் அருவங்காட்டைக் கடந்து போகும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நாய்ஸ் ரேடாரைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. ஆனால் அந்த ரேடாரின் மூளையில் இருக்கும் யோசனையும், அவர் நட்சத்திரங்களை அளந்த யோசனையும் ஒரே குடும்பம்.

அருவங்காடு டு லண்டன்

1916 ஆகஸ்ட் 31 அன்று அருவங்காட்டில் பிறந்தார். கார்டைட் எனும் வெடிமருந்து செய்யும் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. தாத்தா சர் ராபர்ட் ஹான்பரி பிரவுன், எகிப்தில் பாசனத் திட்டங்களில் பெயர் பெற்ற பொறியாளர். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்தார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கப்படி, சின்ன வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். டான்பிரிட்ஜ் என்ற பெரிய பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும்தான் முக்கியப் பாடம். குடும்பத்தின் பணநிலைமை மாறியது. அந்த மேட்டுக்குடிப் பள்ளியை விட்டு, பிரைட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தார். நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை அங்கிருந்தபடியே 19 வயதில் வாங்கினார்.

அடுத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. கூடவே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றார். படிப்பைவிடப் பறப்பதில் ஆர்வம் அதிகம். ரேடியோ தெரியும், விமானத்தில் ஏறப் பயமில்லை. இப்படி ஒரு பையனைத்தான் அப்போது கல்லூரித் தலைவர் ஹென்றி டிஸார்ட் தேடிக்கொண்டிருந்தார். டிஸார்டுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. பிரிட்டனின் வான் பாதுகாப்புக்கான அறிவியல் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1936இல் ஹான்பரி பிரவுனின் பிஎச்டி கனவு அத்தோடு முடிந்தது. பாட்ஸி என்ற கடலோர மாளிகைக்கு வேலைக்குப் போனார். என்ன வேலை என்று வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

புல்லுக்குள் பூச்சி தேடும் வேலை

அந்த மாளிகையில் ராபர்ட் வாட்சன்-வாட்டின் குழு ரேடாரை உருவாக்கிக்கொண்டிருந்தது. ரேடார் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. வேலை செய்த முறை இன்றும் அடிப்படையில் அதேதான். சுருக்கமான, பலமான ஒரு ரேடியோ துடிப்பை அனுப்ப வேண்டும். அது விமானத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோ விநாடிக்கு 150 மீட்டர் என்று கணக்குப் போட்டால் தூரம் கிடைத்துவிடும்.

திரையில் அது எப்படித் தெரியும்? ஒரு கிடைக்கோடு. அதன் மேல் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும் சின்னச் சின்ன முட்கள். ரிசீவருக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் ஆட்டமும், வானத்திலிருந்து வரும் ரேடியோ சலசலப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. ரேடார்காரர்கள் அதைப் புல் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் புல்லுக்கு மேலே ஒரு முள் கொஞ்சம் உயரமாக, அசையாமல் நின்றால் அதுதான் விமானம். புல்லுக்குக் கீழே போய்விட்டால் விமானமே இல்லை என்று அர்த்தம். ஆக, ஒரு ரேடார் பொறியாளனுக்கு இரைச்சல்தான் முதல் எதிரி.

ஹான்பரி பிரவுன் சேர்ந்தது எட்வர்ட் போவனின் குழுவில். அறை அளவு கருவியை விமானத்துக்குள் வைக்க வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. கரையில் உயரமான கம்பங்களோடு நிற்கும் ரேடார் பகலில் எதிரியைக் காட்டும். இரவில், போர் விமானியே எதிரியைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் ரேடார் அவன் கூடவே பறக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் கருவிகளைச் செய்தார்கள். குலுக்கல், குளிர், நெருக்கடி மிகுந்த விமானத்துக்குள் உட்கார்ந்து, திரையில் புல்லைப் பார்த்தபடி பறந்தார்கள். போர் தொடங்கியதும் ஆய்வகமே ஊர் ஊராக மாறியது. ஒரு பரிசோதனைப் பறப்பில் ஆக்சிஜன் வராமல் போய், ஹான்பரி பிரவுன் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

லண்டன் மீது ஜெர்மன் குண்டுகள் இரவில் விழுந்த 1940 குளிர்காலத்தில், இரவுப் போர் விமானங்களுக்குக் கண் கொடுத்தது இந்தக் குழுவின் வேலைதான். கடலுக்கு மேல் நீர்மூழ்கிகளைத் தேடியதும் இதன் இன்னொரு கிளை. இருட்டில் பாராசூட் வீரர்களைச் சரியான இடத்தில் இறக்க உதவிய ரெபெக்கா, யுரேகா என்ற ரேடியோ வழிகாட்டிக் கருவிகளிலும் அவர் பங்கு உண்டு. 1942இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, நம் விமானமா எதிரி விமானமா என்று அடையாளம் காணும் கருவிகளில் போர் முடியும்வரை வேலை பார்த்தார்.

போருக்குப் பிறகு வாட்சன்-வாட் ஆரம்பித்த ஆலோசனை நிறுவனத்தில் இரண்டு வருடம். நல்ல சம்பளம்தான். அந்த நிறுவனம் கனடாவுக்கு இடம்பெயரும் நிலை வந்தபோது, இவர் போகவில்லை. 1949இல், 33 வயதில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரெல் பேங்க் என்ற சேற்று வயலில் பெர்னார்ட் லவலிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தார். போர்க்காலத்தில் உயிர்களைக் காத்த கருவிகளைச் செய்தவர், திரும்பவும் மாணவன். இன்று முப்பதைத் தாண்டி வேலையை விட்டுப் படிக்கப் போகும் நம் நண்பர்களுக்கு வீட்டில் என்ன கேள்வி வரும் என்று யோசித்தால், அந்த முடிவின் கனம் புரியும்.

ஒரு ராத்திரி வந்த யோசனை

வானத்தில் சில இடங்களிலிருந்து பலமான ரேடியோ இரைச்சல் வருவது அப்போது தெரிந்திருந்தது. சிக்னஸ் ஏ, காசியோபியா ஏ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவை என்ன? நட்சத்திரம் மாதிரி புள்ளிகளா, பெரிய மேகங்களா? யாருக்கும் தெரியாது. அளவு தெரிந்தால்தான் பேச முடியும்.

வழக்கமான முறையில், தள்ளித் தள்ளி வைத்த இரண்டு ஆன்டெனாக்களின் அலைகளை நேரடியாகச் சேர்க்க வேண்டும். பொருள் எவ்வளவு சிறியதோ, ஆன்டெனாக்களுக்கு இடையே அவ்வளவு தூரம் தேவை. இந்த மர்மப் பொருள்கள் நட்சத்திர அளவுக்குச் சிறியவை என்றால், கண்டம் விட்டுக் கண்டம் தூரம் வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு அலைகளின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகக் கொண்டுசேர்க்க அன்றைக்கு வழியில்லை.

இங்கேதான் பழைய ரேடார்காரரின் மூளை வேலை செய்தது. தூரத்தில் இரண்டு இடங்களில் இரண்டு பேர், ஆளுக்கொரு திரையில் அதே பொருளின் இரைச்சலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்தார். இருவர் திரையிலும் புல் ஆடுகிறது. அந்த இரண்டு புல்லும் ஒரே மாதிரி ஆடுமா? ஆடும் என்றால், அலைகளை நேரடியாகச் சேர்க்க வேண்டியதே இல்லை. இரைச்சல் ஏறி இறங்குவதை மட்டும் இரண்டு பக்கமும் பதிவு செய்து, அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இதை ஊர்த் திருவிழாவோடு ஒப்பிடலாம், முழுசாகப் பொருந்தாது என்றாலும். இருட்டில், ஒரு மைதானத்தின் ஓரத்தில் இரண்டு பேர் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்து கரகர சத்தம் வந்தால், இருவர் காதிலும் அது ஒரே மாதிரி ஏறி இறங்கும். மைதானம் முழுக்க ஆயிரம் பேர் ஆளுக்கொன்று கத்திக்கொண்டிருந்தால், இவர் காதில் விழும் கலவையும் அவர் காதில் விழும் கலவையும் வேறு வேறு. எவ்வளவு தள்ளி நின்றால் ஒற்றுமை போகிறது என்று பார்த்தால், சத்தம் வரும் இடம் எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடலாம்.

யோசனை சரி, கணக்கு? அதற்கு ரிச்சர்ட் ட்விஸ் என்ற கணித வல்லுநர் கிடைத்தார். கருவியைக் கட்டி ஓட்டியதில் முக்கியமானவர்கள் இரண்டு மாணவர்கள். ஒருவர் ரோஜர் ஜெனிசன். இன்னொருவர் கல்கத்தாவிலிருந்து வந்த மிருணாள் குமார் தாஸ்குப்தா. முதலில் சூரியனில் சோதித்தார்கள், வேலை செய்தது. 1952இல் சிக்னஸ் ஏவையும் காசியோபியா ஏவையும் அளந்தார்கள். கண்டம் தாண்டும் தூரமெல்லாம் தேவைப்படவில்லை, சில கிலோமீட்டரே போதுமாக இருந்தது. அதாவது அவை நட்சத்திர அளவுப் புள்ளிகள் இல்லை. அடுத்த வருடம் ஜெனிசனும் தாஸ்குப்தாவும் சிக்னஸ் ஏ ஒன்றல்ல, இரட்டை என்று காட்டினார்கள். நடுவில் இருக்கும் கேலக்ஸியின் இருபுறமும் பெரிய ரேடியோ மேகங்கள். ரேடியோ வானியலின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. நம் பாடப்புத்தகங்களில் தாஸ்குப்தா பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

இயற்பியலாளர்கள் ஏன் கோபப்பட்டார்கள்?

ரேடியோவில் வேலை செய்யும் விஷயம் ஒளியிலும் வேலை செய்ய வேண்டும் என்று ஹான்பரி பிரவுனும் ட்விஸும் நினைத்தார்கள். இரண்டும் மின்காந்த அலைதானே. ஆனால் ஒளி என்றதும் குவாண்டம் இயற்பியல் உள்ளே வந்துவிடும். ஒளி, ஃபோட்டான் எனும் துகள்களாக வருகிறது. ஒரு ஃபோட்டான் இந்தக் கருவியில் விழும், அல்லது அந்தக் கருவியில் விழும். இரண்டிலும் விழாது. அப்படியிருக்க, இரண்டு கருவிகளிலும் ஃபோட்டான்கள் வந்து விழும் நேரத்துக்குள் என்ன ஒற்றுமை இருக்க முடியும்? குவாண்டம் கொள்கையையே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்கள் பலர்.

இவர்கள் வாதாடியது ஒரு பக்கம், சோதனை செய்தது இன்னொரு பக்கம். ஒரு பாதரச விளக்கு, பாதி வெள்ளி பூசிய ஒரு கண்ணாடி, இரண்டு ஒளி உணரிகள். விளக்கின் ஒளியைக் கண்ணாடி இரண்டாகப் பிரிக்கும். இரண்டு பக்கத்து மின்னோட்டங்களின் இரைச்சலையும் பெருக்கி ஒப்பிட்டார்கள். ஒற்றுமை இருந்தது. ஃபோட்டான்கள் சீராகவோ, தனித்தனியாகவோ வரவில்லை. கொத்துக் கொத்தாக வரும் போக்கு அவற்றுக்கு இருந்தது. அரைமணி நேரம் காக்க வைத்துவிட்டு மூன்று டவுன் பஸ் ஒன்றாக வருமே, பார்ப்பதற்கு அந்த மாதிரி. 1956 ஜனவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

சண்டையும் வந்தது. ஹங்கேரியில் ஒரு குழுவும் கனடாவில் ஒரு குழுவும் தாங்கள் செய்த சோதனையில் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை என்று அறிவித்தன. ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு வரவில்லை என்றால், அறிவியலில் சந்தேகம் முதலாமவர் மீதுதான் விழும். இவர்களோ மற்றவர்களின் கருவிகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அந்த உணரிகளின் வேகத்துக்கும், கிடைத்த ஒளியின் தன்மைக்கும் இந்த ஒற்றுமை கண்ணில் பட எவ்வளவு நேரம் சோதனையை ஓட்ட வேண்டும்? கனடா கருவிக்கு ஆயிரம் வருடம். ஹங்கேரி கருவிக்கு, பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகம். அவர்கள் பார்க்கவில்லை என்பது உண்மை, ஆனால் அவர்களால் பார்த்திருக்கவே முடியாது. அதே ஆண்டு, நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் இவர்கள் பக்கம் வந்தார். குவாண்டம் கொள்கையோடு இது முரண்படவே இல்லை, சரியாகக் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும் என்று விளக்கினார்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உச்சம் நட்சத்திரம் அல்ல, இந்தக் கணக்குதான். புல்லுக்குள் ஒரு முள் தெரிய எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பது ரேடார் திரை முன் உட்கார்ந்தவனுக்குத் தினசரி வாழ்க்கை. குவாண்டம் கொள்கையில் கரைகண்டவர்களுக்கு அது பழக்கமில்லை.

இந்தச் சர்ச்சை வீண் போகவில்லை. ஒளியின் ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் குவாண்டம் முறையில் எப்படி எழுதுவது என்ற தேடல் இதிலிருந்து வேகம் பிடித்தது. 1963இல் அமெரிக்காவில் ராய் கிளாபரும், ஜார்ஜ் சுதர்சனும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். சுதர்சன், இடுக்கிக்குப் பக்கத்து மாவட்டமான கோட்டயத்தில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 2005இல் கிளாபருக்கு நோபல் கிடைத்தது, சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் பலருக்கு ஆறவில்லை.

அப்போ நாய்ஸ் ரேடார்?

இப்போது கார் ரேடார் விஷயத்துக்கு வரலாம். 1959இல் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை செய்த பி.எம். ஹார்ட்டன், இரைச்சலைக் கொண்டு தூரத்தை அளக்கும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். துடிப்பு அனுப்புவதற்குப் பதில், தாறுமாறான இரைச்சலை அனுப்ப வேண்டும். அனுப்பிய இரைச்சலின் நகல் ஒன்றை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் கலவையை அந்த நகலோடு ஒப்பிட வேண்டும். நகலை ஒரு மைக்ரோ விநாடி தாமதித்துப் பார், பொருந்துகிறதா? இல்லை. இரண்டு மைக்ரோ விநாடி? பட்டென்று பொருந்துகிறது. அப்படியானால் பொருள் 300 மீட்டரில் இருக்கிறது. அவ்ளோதான்.

நகல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அது சிக்னல், மற்ற எல்லாருக்கும் அது வெறும் புல். எதிரி தன்னை ரேடார் பார்க்கிறது என்றே கண்டுபிடிக்கத் திணறுவான். அவன் போலி எதிரொலி அனுப்பி ஏமாற்றவும் கஷ்டம், ஏனென்றால் அடுத்த நொடி என்ன அனுப்பப்போகிறோம் என்பது யாருக்கும் தெரியாது. பக்கத்துக் காரின் இரைச்சலும் நம் நகலோடு பொருந்தாது, அதனால் குழப்பம் குறையும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை? ஒப்பிடும் வேலை கடுமையானது. ஹார்ட்டன் காலத்தில் நகலைத் தாமதிக்க நீளமான கேபிள்கள் மாதிரியான வழிகள்தான் இருந்தன. வேகமான டிஜிட்டல் சிப்கள் வந்த பிறகுதான் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான தாமதங்களைச் சரிபார்ப்பது சாத்தியமானது. இன்னொரு சிக்கல் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய பொருளின் பலமான எதிரொலி, தூரத்தில் இருக்கும் சின்னப் பொருளை மூழ்கடித்துவிடும். துடிப்பு ரேடாரில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வரும். இதில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும். இந்தத் துறையில் பல வருடமாக வேலை செய்து வருபவர்களில் ஒருவர் ராம் நாராயணன். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து, அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர்.

ஹான்பரி பிரவுனின் கருவிக்கும் இதற்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. ரேடாரில் இரைச்சலை நாம் தயாரிக்கிறோம், நகல் நம்மிடம் இருக்கிறது. அவருக்கு இரைச்சலைத் தயாரித்தது நட்சத்திரம். நகலை இரண்டாவது கருவிதான் கொடுத்தது.

சித்திரையும் திருவோணமும் எவ்வளவு பெரியவை?

1955 நவம்பர் தொடங்கி, ராணுவம் கழித்துப்போட்ட இரண்டு தேடுவிளக்குக் கண்ணாடிகளை வைத்து ஜோட்ரெல் பேங்கில் சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் குளிர்கால மேகங்களுக்கு நடுவே, சில மாதங்களில் மொத்தம் 18 மணி நேரம்தான் உருப்படியாகக் கிடைத்தது. அதிலேயே சிரியஸின் கோண விட்டம் 0.0063 ஆர்க் விநாடி என்று வந்தது. சென்னையில் நின்றுகொண்டு கன்னியாகுமரியில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைச் சொல்வது மாதிரி.

நட்சத்திரத்தின் அளவை அதற்கு முன்பே, 1920இல், அமெரிக்காவில் மைக்கேல்சன் அளந்திருந்தார். ஆனால் அவர் முறையில் இரண்டு கண்ணாடிகளையும் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்த துல்லியத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். காற்றின் நடுக்கமே காரியத்தைக் கெடுக்கும். அதனால் பெட்டல்ஜியூஸ் மாதிரி ராட்சத நட்சத்திரங்களைத் தாண்டி அதிகம் போக முடியவில்லை. ஹான்பரி பிரவுன் முறையில் ஒளி அலையையே பொருத்த வேண்டாம், இரைச்சலின் ஏற்ற இறக்கத்தைப் பொருத்தினால் போதும். சில சென்டிமீட்டர் பிசகினாலும் பரவாயில்லை. நட்சத்திரம் மினுங்கினாலும் பரவாயில்லை.

இதை நம்பி ஆஸ்திரேலியாவில் நாரப்ரை என்ற ஊருக்கு அருகே ஒரு பெரிய கருவியைக் கட்டினார்கள். 188 மீட்டர் விட்டமுள்ள வட்டமான ரயில் தண்டவாளம். அதன் மேல் ஓடும் இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றிலும் 252 அறுகோணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த, ஆறரை மீட்டர் அகலப் பிரதிபலிப்பான். அழகான பிம்பமெல்லாம் அதில் வராது. ஒளியை அள்ளும் வாளி, அவ்வளவுதான். நட்சத்திரம் வானில் நகர நகர, இரண்டு வண்டிகளும் தண்டவாளத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். 1962இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர், சிட்னி பல்கலைக்கழகப் பேராசிரியராகி 1981வரை அங்கேயே இருந்தார்.

ஒரு நட்சத்திரத்துக்குப் பல இரவுகள். 1972இல் வேலை முடிந்தபோது 32 நட்சத்திரங்களின் விட்டம் கையில் இருந்தது. பட்டியலில் நமக்குப் பழக்கமானவை நிறைய. சித்திரை, மகம், திருவோணம், அகத்தியர் நட்சத்திரம் என்று நம்மூரில் சொல்லப்படும் கனோப்பஸ். மிகச் சூடான நட்சத்திரங்களின் உண்மையான வெப்பநிலையைக் கணக்கிட இந்த விட்டங்கள்தான் அடிப்படையாக இருந்தன. சித்திரை ஒரே நட்சத்திரம் இல்லை, ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. அந்தச் சுற்றுப்பாதையையும் அளந்து, அதன் மூலம் தூரத்தையும் சொன்னார்கள்.

32ஓடு ஏன் நின்றது? அந்தக் கருவிக்கு எட்டும் பிரகாசமான நட்சத்திரங்கள் தீர்ந்துவிட்டன. இரைச்சலை ஒப்பிடும் முறைக்கு ஒளி ஏராளமாக வேண்டும். இதைவிடப் பெரிய கருவிக்கு வரைபடம் போட்டார்கள். ஆனால் அதைக் கட்டவில்லை. லேசரும் கணினியும் வந்த பிறகு, தான் ஓரம் கட்டிய மைக்கேல்சனின் பழைய முறையையே நவீனமாகச் செய்தால் மங்கலான நட்சத்திரங்களும் எட்டும் என்று ஹான்பரி பிரவுனும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் ஜான் டேவிஸும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தன் பெயரில் இருக்கும் முறையைவிட்டு, போட்டி முறைக்கு மாறினார். அந்த வழியில் சிட்னி பல்கலைக்கழகம் கட்டிய கருவி நாரப்ரைக்கு அருகிலேயே 1991இல் திறக்கப்பட்டது. முப்பது வருட உழைப்பை அப்படி இறக்கி வைக்க எத்தனை பேரால் முடியும்?

டெல்லி, 1985

1982இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் வைணு பாப்பு. தமிழ்நாட்டில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1982 ஆகஸ்டில் பாப்பு காலமானார். ஜவ்வாது மலையில் தொலைநோக்கி வைத்தவரிடமிருந்து நீலகிரியில் பிறந்தவருக்குப் பதவி போனது. ஒன்றியத்தின் அடுத்த பொதுக்கூட்டம் 1985 நவம்பரில் டெல்லியில் நடந்தது. தலைவர் ஹான்பரி பிரவுன்.

பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பி, 1991இல் சுயசரிதை எழுதினார். ராணுவத்தோடு வேலை செய்யும் விஞ்ஞானிகளைப் போர்க்கால வீரர்கள் கிண்டலாக அழைத்த போஃபின் என்ற சொல்லையே அதற்குத் தலைப்பாக வைத்தார். 2002 ஜனவரி 16 அன்று, 85 வயதில் காலமானார்.

அவருடைய முறை அணு உலகத்திலும் நுழைந்தது. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் அணுக்கருக்கள் மோதும்போது கண நேரம் உருவாகும் நெருப்புக் கோளத்தின் அளவைச் சொல்ல, அதிலிருந்து தெறிக்கும் துகள்கள் எவ்வளவு கொத்தாக வருகின்றன என்று பார்க்கிறார்கள். அதற்கும் ஹான்பரி பிரவுன்–ட்விஸ் பெயர்தான்.

வானியலில் அது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தூங்கியது. பிறகு, காமா கதிர்களைத் தேடக் கட்டிய பெரிய தொலைநோக்கிகள் நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் சும்மா நிற்பதைப் பார்த்து யாருக்கோ பழைய யோசனை ஞாபகம் வந்தது. அவையும் ஒளியை அள்ளும் வாளிகள்தான். 2019 டிசம்பரில், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள வெரிட்டாஸ் தொலைநோக்கிகள் நான்கையும் இணைத்து, இரைச்சலை ஒப்பிட்டு இரண்டு நட்சத்திரங்களை அளந்தார்கள். ஒன்று ஓரியனின் இடுப்புப் பட்டையின் நடுவில் இருப்பது, இன்னொன்று சிரியஸுக்கு அருகில் தெரிவது. இரண்டுமே நாரப்ரையின் 32இல் இருந்தவை. விடை பழைய விடையோடு ஒத்துப்போனது.